இங்கிலீஷில் இறங்கி வருவது எப்படி

"ஏனுங் மாஸ்டர், இங்க இங்கிலீசு சில்லறையாக் கெடைக்குமுங்களா?"

மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்போடு அப்புசாமி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அறுபத்து மூன்று வயது, வெளுத்த வேட்டி, கையில் ஒரு சாக்குப்பை. பைக்குள் நான்கு தேங்காய் இருந்தது உருட்டலிலேயே தெரிந்தது.

"புரியலீங்களே" என்றேன்.

"முழு இங்கிலீசும் எனக்கு வேண்டாமுங்க. அத்தனையும் படிச்சு நான் எந்தச் சீமைக்குப் போகப்போறேன்? ஒரே ஒரு வாக்கியம் போதும். 'நான் எறங்கி வாரேன்'னு சொல்லோணும்."

"பஸ்ஸுல இருந்துங்களா?"

"எந்தம்பிகிட்டங்க."

என் இங்கிலீஷ் அகாடமி கிணத்துக்கடவில் ஓர் உர மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது. போர்டு எழுதிய பெயின்டர் 'பிரைட்' என்ற வார்த்தையில் ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் மட்டும்தான் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் யாரும் என்னிடம் படிக்க வரப்போவதில்லை என்பதால் நான் அதை மாற்றவில்லை. வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிற பெண்களும், இன்டர்வியூவில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்வியிலேயே கவிழ்ந்த இளவட்டங்களும் வருவார்கள். எனக்கு வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், பிழைப்புக்கு இங்கிலீஷ். மூன்றிலும் என் மனைவி கீதா என்னைத் திருத்துவாள். வரதராஜுலு என்ற என் பெயரை மட்டும்தான் இன்னும் திருத்தவில்லை.

தம்பியிடம் இறங்கி வருவதற்கு இங்கிலீஷ் எதற்கு என்று கேட்டேன். அப்புசாமி பெஞ்சில் உட்கார்ந்து, தேங்காய்ப் பையைக் காலுக்கிடையே வைத்துக்கொண்டு, விஷயத்தைச் சொன்னார்.

அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பில் ரோட்டோரப் பாதி இவருக்கு, பின்பாதி தம்பி கந்தப்பனுக்கு. பின்பாதிக்குப் போக இவருடைய தோப்புக்குள் ஒரு வண்டித்தடம் இருந்தது. அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று அப்பா அதைப் பத்திரத்தில் எழுதவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் தம்பியின் தேங்காய் லாரி ஒன்று இவருடைய சொட்டுநீர்க் குழாயின் மேல் ஏறிவிட்டது. "குழாய்தானே" என்றார் தம்பி. "தடந்தானே" என்றார் அண்ணன். சாயங்காலம் தடத்தில் இருந்த கேட்டுக்குச் சங்கிலி வந்துவிட்டது. மறுநாள் காலையில் அப்புசாமி குலதெய்வம் கோயிலுக்குப் போய், கற்பூரத்தின் மேல் கையடித்து, 'இனி இவங்கூட ஒரு வார்த்த பேசுனா என்ற நாக்கு அறுந்து விழட்டும்' என்று சத்தியமும் செய்துவிட்டார்.

"அதோட முடிஞ்சுதுங்க. அவன் அக்கட்டச் சுத்திக்கிட்டு ஒண்ணரை மைல் போயிட்டு வாரான். லாரி போகாது. காயெல்லாம் ஆளுக தலையில சுமந்துதான் ரோட்டுக்கு வருது."

"இப்ப என்னங்க ஆச்சு?"

"தோப்ப விக்கறானுங்க. தடமில்லாத காட்ட எவன் வாங்குவான்னு நானும் தெகிரியமா இருந்தேன். பின்னாடி தோட்டத்துக்காரரு வாங்கித் தன்ர காட்டோட சேத்துக்கறாராம். வார வெள்ளிக்கிழமை அக்ரிமெண்டு. போட்டதும் கருமத்தம்பட்டிக்கு மகங்கூடப் போயிருவான். மகன் அங்க தறி போட்டிருக்கான்."

கொஞ்ச நேரம் தேங்காயைக் காலால் உருட்டினார்.

"பதினோரு வருசமா, இவன் எப்படா போவான்னு பாத்துட்டு இருந்தனுங்க மாஸ்டர். போறான்னு தெரிஞ்சதுல இருந்து சோறு எறங்க மாட்டீங்குது. அவன் போகக்கூடாதுங்க."

"அப்பக் கேட்டைத் தெறந்து விட்டுருங்களே."

"போன வருசம் ஒரு நாளு சத்தமில்லாம சங்கிலியக் கழட்டிப் பாத்தனுங்க. காலைல போய்ப் பாத்தா அக்கட்டப் பக்கமிருந்து கயிறு போட்டுக் கட்டி வெச்சிருக்கான். 'தெறந்த கேட்டுல ஆடு வரும், மாடு வரும். நான் வரோணும்னா வாயத் தெறந்து சொல்லோணும்'னு எம்பட ஊட்டுக்காரிகிட்டச் சொல்லி உட்டான்."

பெண்களுக்குள் பேச்சு நிற்கவே இல்லையாம். அப்புசாமியின் மனைவி பழனாத்தாள் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து தம்பி வீட்டாரோடு பதினோரு வருடமாகத் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். கேட்டால், 'சத்தியம் பண்ணுன நாக்கு உங்களுது, என்னுது அல்ல' என்பாராம்.

"அப்ப அந்தம்மாவையே சொல்லச் சொல்லலாமுங்க."

"அளவு, கணக்கெல்லாம் அவ சொல்லலாமுங்க. எறங்கி வர்ற வார்த்தைய நாந்தானே சொல்லோணும்? அதுக்குத்தான் இங்கிலீசு. தமிழ்ல போட்ட சத்தியம் தமிழ்லயே இருக்கட்டும். இங்கிலீசுல நான் இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுமே சொல்லலீங்களே?"

"கோயில்ல கேட்டீங்களா?"

"பூசாரிகிட்டக் கேட்டனுங்க. ரொம்ப நேரம் ரோசனை பண்ணிப்போட்டு, 'சாமிக்கு இங்கிலீசு தெரியுமான்னு எனக்குத் தெரியாதுங்க'ன்னாரு. அது சரீன்னு சொன்ன மாதிரிதானுங்களே?"

எத்தனையோ பேருக்கு எத்தனையோ காரணத்துக்காக இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சாமிக்குத் தெரியாமல் பேசுவதற்காக இங்கிலீஷ் படிக்க வந்தவர் இவர் ஒருவர்தான். எனக்கு உடனே பிடித்துப் போய்விட்டது. அன்று சனிக்கிழமை. கையில் ஆறு நாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆரம்பித்தோம். முதல் வார்த்தை 'சரண்டர்'. நல்ல கனமான வார்த்தை, எல்லாருக்கும் தெரிந்தது.

"ஐ சரண்டர். சொல்லுங்க."

அப்புசாமி சொல்லவில்லை. "சரண்டருங்கறது கொலை பண்ணிப்போட்டுக் கோர்ட்டுக்குப் போறவன் பண்றதுங்க. நான் என்னங்க பண்ணுனேன்? குழாய ஒடச்சவன் அவன்."

"கேஸ் கனெக்சனைக்கூட சரண்டர் பண்றாங்களே."

"அது பண்ணுனா சிலிண்டரையும் திருப்பிக் குடுக்கோணும். எனக்கு ஒத்து வராதுங்க."

'சப்மிட்' என்றேன். அது இ-சேவை மையத்தில் கடைசியாக அமுக்குகிற பட்டன் என்றார். அமுக்கினதும் சர்வர் போய்விடும், தம்பி விஷயத்தில் அந்த அபாயம் வேண்டாம் என்றார். 'சக்கம்' என்றேன். உர மருந்துக் கடையில் வேலை செய்யும் கயல்விழி எங்களுக்கு டீ கொண்டுவந்தவள், அதைக் கேட்டு, "சார், சக்கம்ன்னா செத்துப் போறது. ஆஸ்பத்திரியில சேத்தவங்கள பேப்பர்ல அப்படித்தான் போடுவாங்க" என்றாள். அப்புசாமி டீயை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்.

"அதுக்கு ஆசைக்கு அடிமையாகறது, வற்புறுத்தலுக்குப் பணியறதுன்னும் அர்த்தம் இருக்குதுங்க" என்றேன்.

"இருக்கட்டுங்க. செத்ததும் இருக்குதே."

திங்கட்கிழமை 'யீல்டு'. கரும்பலகையில் எழுதி, 'எதிர்ப்பை விட்டுப் பணிதல்' என்று அர்த்தமும் எழுதினேன். அப்புசாமி கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு முதல்முறையாக என் மேல் கோபப்பட்டார்.

"யீல்டு எனக்குத் தெரியாதுங்களா? மரத்துக்கு வருசத்துக்கு நூறு காய் புடிக்கிறது யீல்டு. வெள்ளை ஈ வந்தா யீல்டு போச்சு. இதப் போய்ப் பணியறதுங்கறீங்க?"

"ரெண்டும்தானுங்க. மரம் காய் தருது, மனுசன் எடம் தர்றான்."

"அவங்கிட்டப் போய் 'ஐ யீல்டு'ன்னா, அவன் தோப்புல காய் கம்மி, எனக்கு அதிகம்னு நான் பீத்திக்கறதா நெனைப்பான். இருக்கற சண்டையே போதுமுங்க."

'கன்சீடு' என்று அடுத்ததற்குப் போனேன். "கன்னும் தெரியும், சீடும் தெரியும். நாத்துப்பண்ணைச் சமாச்சாரத்துக்கு நான் உங்ககிட்ட வரலீங்க" என்றார்.

கடைசியில் எளிமையாகப் போவோம் என்று 'கிவ் இன்' எழுதினேன். கிவ் என்றால் கொடுப்பது, இன் என்றால் உள்ளே. அப்புசாமி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உள்ளார குடுக்கறதுன்னா... டேபிளுக்கு அடியிலங்களா?"

"அல்லீங்க. விட்டுக்கொடுக்கறது."

"அப்ப 'கிவ் அப்'?"

"கைவிடறது."

"நான் மேலிடத்துக்குக் குடுக்கறதுன்னு நெனைச்சேன்."

அன்று ராத்திரி கீதாவிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள், சிரிக்கவில்லை. "அவரு கேக்கறதெல்லாம் நியாயமாத்தான இருக்குது. உங்களுக்குப் பதில் தெரியல, அதுக்குச் சிரிக்கறீங்க" என்றாள். 'சரி, விடு' என்று படுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அப்புசாமி வரவில்லை. மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்கக் கோயமுத்தூர் போயிருந்தார். புதன்கிழமை காலை நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னாலேயே படியில் உட்கார்ந்திருந்தார். கையில் பஸ் டிக்கெட். அதன் பின்பக்கத்தில், கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வரைந்த ஏழு இங்கிலீஷ் எழுத்து.

"ரவுண்டானாவுல ஒரு போர்டுல இருந்துச்சுங்க. பஸ்ஸு நின்ன நேரத்துல வரைஞ்சுக்கிட்டேன். இத எழுதி வெச்ச எடத்துல எல்லா வண்டியும் நின்னு, அடுத்தவனுக்கு உட்டுட்டுப் போகுது. என்னங்க போட்டிருக்குது?"

"கிவ் வே. வழி விடு."

"வழின்னா?"

"தடந்தானுங்க."

அப்புசாமி எழுந்து நின்றுவிட்டார். "தடம் உடு! இதத்தானுங்களே நானும் கேட்டேன்! இத்தன நாளா இத உட்டுப்போட்டுக் கன்னுங்கறீங்க, சீடுங்கறீங்க..."

எனக்கும் புல்லரித்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இறங்கி வருவதற்கும் இதுதான் வார்த்தை, தடம் விடுவதற்கும் இதுதான் வார்த்தை. யாருக்கு என்றால் பக்கத்தில் ஒரு 'டு' போட வேண்டும். ஐ கிவ் வே டு யூ. ஐந்தே வார்த்தை. இங்கிலீஷ் என்ற மொழியையே நான்தான் கண்டுபிடித்த மாதிரி மாடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

மீதி நாள் முழுவதும் உச்சரிப்பு. அவருக்கு எல்லாம் வந்தது, கடைசியில் ஒரு 'ங்க' மட்டும் கூடவே வந்துகொண்டிருந்தது.

"ஐ கிவ் வே டு யூங்க."

"ங்க வேண்டாமுங்க."

"ஐ கிவ்வுங்க வே டு யூ."

"எங்கயுமே வேண்டாமுங்க. உங்க தம்பிதானே? அவருக்கு எதுக்குங்க ங்க?"

"தமிழ்லன்னா டேய்ம்பேன். இங்கிலீசுல பேசறப்ப மருவாதி இல்லாம எப்படிங்க பேசறது?"

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வேலியோரம் கூடுவது என்று பழனாத்தாள் இரண்டு பக்கமும் பேசி முடிவு செய்தார். நானும் வர வேண்டும் என்று அப்புசாமி சொல்லிவிட்டார். நடுவில் வார்த்தை மறந்தால் எடுத்துக் கொடுக்க. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் போனேன். தோப்புக்குள் அதன் மேல் ஏறிய இரண்டு எறும்பைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பழைய தடத்தில் பார்த்தீனியம் இடுப்பளவு நின்றது. நடுவில் கேட், இந்தப் பக்கம் சங்கிலி, அந்தப் பக்கம் கயிறு. கேட்டுக்கு அந்தப் புறம் கந்தப்பன் கையைக் கட்டி நின்றார். அண்ணனைவிட ஐந்து வயது இளையவர். அதே மூக்கு, அதே முறைப்பு. பக்கத்தில் அவருடைய மருமகள் புவனா. சாமான் கட்டுவதற்காகக் கருமத்தம்பட்டியிலிருந்து வந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர். என்ன பாடம் என்று நான் முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும்.

"கந்தப்பன் பேசலாமுங்களே, அவருக்கு ஏது சத்தியம்?" என்று அப்புசாமியின் காதில் கேட்டேன்.

"'அவரு பேசாம நான் பேசமாட்டேன்'ங்கறான். சத்தியம் பண்ணாத ரோசம் அது. பொல்லாதது" என்றார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டின் கம்பியைப் பிடித்தார். தோப்பில் ஒரு மைனா கத்தி ஓய்ந்தது. அப்புசாமி தம்பியின் முகத்தைப் பார்க்காமல், அவர் தலைக்கு மேலிருந்த மரத்துக் குலையைப் பார்த்துச் சொன்னார்.

"ஐ. கிவ். வே. டு. யூ."

ஒரு 'ங்க'கூட இல்லை. என் கண் கலங்கிவிட்டது.

கந்தப்பன் அசையவில்லை. மருமகளிடம், "என்ன அம்மணி சொல்றாரு?" என்றார்.

"வழி விடறேன்னு சொல்றாருங்க மாமா."

கந்தப்பனின் கட்டிய கை பிரிந்தது. மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெயில் அப்படியொன்றும் இல்லை. அப்புறம் என்னைப் பார்த்தார்.

"எத்தன அடீன்னு கேளுங்க வாத்தியாரே."

நான் திரும்பினேன். அப்புசாமி இரண்டு முழ தூரத்தில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். இருந்தாலும் முறைப்படி, "எத்தனை அடீன்னு கேக்கறாருங்க" என்றேன்.

"பன்னண்டுன்னு சொல்லுங்க."

"பன்னிரண்டுங்கறாருங்க."

தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். வேலை சுலபமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் புவனா, "மாமா, ஒரு நிமிசமுங்க" என்றாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தோம்.

"கிவ் வேன்னா ஒதுங்கி நிக்கறதுங்க மாமா. ரோட்டுல ஒரு வண்டிக்கு வழி விடற மாதிரி. அந்த வண்டி போனதும் முடிஞ்சுது, மறுபடியும் ரோடு இவங்களுது. எப்பவும் போய் வர்ற பாத்தியம் வேணும்னா 'ரைட் ஆஃப் வே'ன்னு சொல்லோணும். இவரு சொன்ன வாக்கியத்துல அது இல்லீங்க."

"இங்கிலீஷ் டீச்சருங்களா நீங்க?" என்றேன்.

"ஆமாங்க சார். ப்ளஸ் டூவுக்கு."

அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். 'ஆமாம்மா, சரிதான்' என்று சொல்லி, வாக்கியத்தை மாற்றிக் கொடுத்திருக்கலாம். அரை நிமிட வேலை. ஆனால் என் மாணவர் பக்கத்தில் நிற்கிறார், நான் முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறேன், எதிரே நிற்பவளுக்கு என் வயதில் பாதி. வாய் தானாகத் திறந்தது.

"கிவ் வேங்கறதுக்கு விரிவான அர்த்தமும் உண்டும்மா."

"எந்த டிக்ஷனரியிலங்க சார்?"

"பெரிய டிக்ஷனரியில."

"பேரு சொல்லுங்க, போன்லயே பாத்தரலாம்."

"எல்லாம் போன்ல இருக்காதும்மா. பயன்பாட்டுல இருக்குது. இருபது வருசமா நான்..."

"அப்ப 'தி பிரிட்ஜ் கேவ் வே'ன்னா என்னங்க சார் அர்த்தம்? பாலம் வழி விட்டுதுங்களா? இடிஞ்சு விழுந்துதுங்க."

இடிந்து விழுந்தது என்றதும் அப்புசாமி கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அந்த அர்த்தமும் இருக்குதுங்களா மாஸ்டர்? எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே?"

"அது வேற சந்தர்ப்பமுங்க" என்றேன். இடம், பொருள், சூழல் என்று ஆரம்பித்தேன். அகர்மகக் கிரியை, சகர்மகக் கிரியை என்று எனக்கே சரியாகத் தெரியாதவற்றையெல்லாம் தமிழில் எடுத்துவிட்டேன். புவனாவும் விடவில்லை. 'டு'வுக்குப் பிறகு ஆள் வந்தால் என்ன, பொருள் வந்தால் என்ன என்று பத்து நிமிடம் கேட்டுக்கு மேலாக எங்கள் இருவருக்கும் வாக்குவாதம். அண்ணனும் தம்பியும் பந்தாட்டம் பார்க்கிற மாதிரி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

கந்தப்பன்தான் நிறுத்தினார்.

"வாத்தியாரே. ரெண்டு பேரும் படிச்சவங்க. அஞ்சு வார்த்தைக்கு அர்த்தம் உங்களுக்குள்ளயே ஒத்து வர மாட்டீங்குது. இத நம்பி நாளைக்கு அக்ரிமெண்டு வேண்டாம்ங்கட்டுமா நான்? இன்னைக்குத் தடத்த உட்டுப்போட்டு, நாளைக்கு 'ஒதுங்கித்தான் நின்னேன், பாத்தியம் குடுக்கல'ன்னா, நான் எந்த இங்கிலீசுக் கோர்ட்டுக்குப் போறது?" மருமகளிடம், "வா அம்மணி. பாத்திரமெல்லாம் கட்டாமக் கெடக்குது" என்று திரும்பி நடந்தார்.

அப்புசாமி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. 'இனி என்னங்க மாஸ்டர் பண்றது' என்று கேட்கிற பார்வை. மூன்று நாள் டேபிளுக்கு அடியில், மேலிடத்தில் என்று தேடி, பஸ் டிக்கெட்டில் எழுத்து வரைந்து கொண்டுவந்தவர். அவருடைய தம்பி இருபதடி போய்விட்டார். புவனா தயங்கித் தயங்கிப் பின்னால் போகிறாள்.

திங்கட்கிழமை ராத்திரி கீதா சொன்னது ஞாபகம் வந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் நான் ஆயிரம் தடவை 'சரி, விடு' என்று சொல்லியிருப்பேன். 'நான் சொன்னது தப்பு' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மணி, நில்லுங்க!" என்று கத்தினேன். குரல் கீச்சென்று வந்தது. "நீங்க சொன்னதுதான் சரி. நான் சொல்லிக் குடுத்தது தப்பு. எனக்குத் தெரியல. தெரியாமத்தான் இத்தன நேரம் பேசினேன்."

புவனா நின்றாள். கந்தப்பனும் நின்றார், ஆனால் திரும்பவில்லை.

அப்புசாமி என்னையே உற்றுப் பார்த்தார். சந்தையில் ஒரு மாட்டின் பல்லைப் பார்க்கிற மாதிரி.

"அவ்வளவுதானுங்களா?" என்றார்.

"என்னதுங்க?"

"சொல்லீட்டீங்க. தமிழ்லயே. ஒரே மூச்சுல."

அதுவரை வாழை மரத்தடியில் உட்கார்ந்திருந்த பழனாத்தாள் அங்கிருந்தே, "அவ்வளவுதான். அவருக்கு நாக்கு இருக்குதான்னு பாத்துக்கங்க" என்றார்.

அப்புசாமி உண்மையிலேயே பார்த்தார். நான் எதற்கென்றே தெரியாமல் வாயைத் திறந்து காட்டினேன்.

அவர் மறுபடி கேட்டைப் பிடித்தார். இந்த முறை தென்னங்குலையைப் பார்க்கவில்லை.

"கந்தா."

பழனாத்தாள் எழுந்துவிட்டார்.

அப்புசாமி கொஞ்சம் காத்திருந்தார். வாய்க்குள் நாக்கை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் ஒரு சுற்று விட்டுப் பார்ப்பது வெளியே தெரிந்தது. இருந்தது.

"தடப் பாத்தியம் பத்திரத்துல எழுதித் தாரேன். நாளைக்கே ரெஜிஸ்டர் ஆபீசுக்கு வாரேன். நீ போகாதடா."

கந்தப்பன் திரும்பவில்லை. துண்டு தோளில் சரிந்தது, அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவும் இல்லை. பிறகு எங்கள் யாரையும் நடுவில் வைக்காமல், முன்னாலிருந்த மரத்திடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"எத்தன அடி?"

"பன்னண்டு."

இப்போது திரும்பினார். "பன்னண்டுல லாரி எப்படித் திரும்பும்? வந்த லாரி திரும்பாம பின்னாடியே போகுமா? பதினாறு வேணும்."

"பதினாறு உட்டா என்ற ரெண்டு மரம் போயிரும்டா!"

"போகட்டும். பதினோரு வருசம் என்ற ஆளுக காயத் தலையில சொமந்தாங்களே, அவங்க கழுத்து போகலியா?"

"குழாய ஒடச்சது யாரு?"

"புதுக் குழாய் வாங்கித் தாரேன்னு அன்னைக்கே சொல்ல வந்தேன். வாயத் தெறக்க உட்டியா நீயி? சாயங்காலமே சங்கிலி போட்டுட்டே. அப்பன் சாவுக்கு வந்த தடத்துல சங்கிலி போட்டுட்டே!"

"நீ 'குழாய்தானே'ன்னு சொன்னயா இல்லியா? அதச் சொல்லு மொதல்ல!"

கந்தப்பன் கேட்டுக்கு வந்துவிட்டார். பேச்சு நிற்காமலே அவருடைய கை அந்தப் பக்கத்துக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தது; ஒரு வருட வெயிலில் இறுகிய முடிச்சு, வரமாட்டேன் என்றது. இந்தப் பக்கம் அப்புசாமி மடியிலிருந்து சாவியை எடுத்துச் சங்கிலிப் பூட்டில் விட்டு முறுக்கினார். துரு. அதுவும் வரமாட்டேன் என்றது. இருவரும் கேட்டின் இரண்டு பக்கமும் குனிந்து நின்று, தலை இடிக்காத குறையாக, கொய்யா மரத்தை யார் வெட்டியது, பாட்டன் காலத்துப் பித்தளை அண்டா யாரிடம் இருக்கிறது என்று சண்டை போட்டார்கள். எனக்கும் புவனாவுக்கும் அங்கே ஒரு வேலையும் இல்லை.

"நல்லா சண்டை போடறாங்க, இல்லீங்க சார்?" என்றாள் மெதுவாக.

"வெர்பு தப்பில்லாமப் போடறாங்கம்மா" என்றேன்.

கந்தப்பனின் சட்டைப்பையில் போன் அடித்தது. முடிச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டே எடுத்தார். புரோக்கர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"சொல்லுங்க... இல்லீங்க, நாளைக்கு வேண்டாமுங்க... வெலையெல்லாம் ஒண்ணும் கொறை இல்லீங்க. இங்க எங்கண்ணங்கூட ஒரு சண்டை நடுவுல நிக்குது. பதினோரு வருசத்துது. முடியறதுக்கு நாளாகுமுங்க. தோப்பு இப்பக் குடுக்கறதுக்கு இல்லீங்க."

போனைப் பையில் போட்டுவிட்டு மறுபடி கயிற்றைப் பிடித்தார்.

"எங்க உட்டோம்?"

"அண்டாவுல" என்றார் அப்புசாமி.